பல் கூச்சம் பெரியவர்களுக்கு மட்டும் வருவதல்ல. பள்ளியிலிருந்து வரும் படிவத்தில் கையெழுத்திடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் பல் கூச்சம் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கூச்சத்துக்கான பற்பசை எப்படி வேலை செய்கிறது, பிரஷ் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் சரியாகவே எழுதப்பட்டிருந்தது. குறை சொல்வதற்கில்லை. ஆனால் முழுப் பக்கத்துக்கு நீண்ட அந்தக் கட்டுரையில் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. பல் கூச்சம் என்றால் தலை நரைத்தவர்களின் தொல்லை என்றே எழுதியவர் நினைத்துவிட்டார் போலும். பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்து, இதைக் கண்டுபிடிக்கிற பல் தாதிகளைப் பற்றியும் மூச்சே விடவில்லை. ‘பல் மருத்துவரை அணுகவும்’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பள்ளிப் பல் சேவையில் இருந்து ஓய்வு பெற்றவள். 1980-களில் பினாங்கில் பயிற்சி முடித்து வந்தவள். எங்கள் பதவிக்கு இப்போது பல் சிகிச்சையாளர் என்று பெயர் மாறியிருக்கிறது. சுங்கை சிப்புட் சந்தையில் இன்றும் என்னைப் பார்த்தால் ‘பல் மிஸ்ஸி வருகிறார்’ என்றுதான் சொல்வார்கள். பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் சிலர், தாங்கள் ஒன்பது வயதில் என் நாற்காலியில் உட்கார்ந்து அழுததை அந்தப் பேரனுக்கே கதையாகச் சொல்வார்கள்.

முதலில் கூச்சம் என்பது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்லின் மேலே எனாமல் என்ற கெட்டியான மேலோடு. அதற்கு உணர்ச்சி கிடையாது. அதன் அடியில் இருக்கும் டென்டின் என்ற பகுதி முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள்; ஒரு சதுர மில்லிமீட்டர் இடத்திலேயே பல்லாயிரம் இருக்கும். அவற்றுக்குள் நீர் நிற்கிறது. உள்முனையில் நரம்பு இருக்கிறது. மேலோடு தேய்ந்தோ ஈறு இறங்கியோ அந்தக் குழாய்களின் வாய் திறந்துகொண்டால், குளிர்ச்சியோ காற்றோ இனிப்போ படும்போது உள்ளே இருக்கும் நீர் அசைகிறது, நரம்பு துடிக்கிறது. சுவீடனைச் சேர்ந்த பிரான்ஸ்டிரம் என்ற பல் மருத்துவ அறிஞர் 1960-களில் நிலைநாட்டிய விளக்கம் இது. இன்றைக்கும் இதைத்தான் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். தோட்டத்துத் தாய்மார்களுக்கு நான் இதை வேறு மாதிரி சொல்வேன். பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், பட்டையில்தான் பால் ஓடும் குழாய்கள் இருக்கின்றன. கத்தி அளவாக இறங்கினால் பால். கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்கே காயம். தினமும் விடியற்காலையில் கத்தி பிடித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

வலியின் குணத்தைக் கவனித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். ஐஸ் தண்ணீர் பட்டதும் ‘சுரீர்’ என்று வந்து, தண்ணீர் இறங்கியதும் போய்விட்டால் அது கூச்சம். தண்ணீர் போன பிறகும் பல நிமிடம் விண்விண்ணென்று வலித்தாலோ, சூடாக எதையாவது குடித்தால் வலி கூடினாலோ, ராத்திரி தூக்கத்தைக் கலைத்தாலோ அது கூச்சத்தைத் தாண்டிவிட்டது. பல்லின் உள்ளே நரம்புக்கூழ் வீங்கத் தொடங்கியிருக்கலாம். கடித்து விடும்போது மட்டும் ஒரே ஒரு பல்லில் வலித்தால் அது விரிசலாக இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் கூச்சப் பற்பசை தேய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பது பல்லைப் பறிகொடுக்கும் வழி.

பெரியவர்கள் வாயைத் திறந்து ‘கூசுகிறது’ என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளைகள் சொல்வதில்லை. கூசுகிற பக்கத்தை விட்டுவிட்டு மற்றப் பக்கத்தில் மெல்லத் தொடங்கிவிடுவார்கள். ஐஸ்கிரீம் வேண்டாம் என்பார்கள். அம்மாவுக்கு அது நல்ல பிள்ளையாகத் தெரியும். பல் தேய்க்க அழைத்தால் அழுவார்கள். அப்போது சோம்பேறி என்று பெயர் வாங்குவார்கள்.

ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்தாள். வாயைத் திறந்ததும் எனக்குக் கண்ணில் பட்டது பற்கள் அல்ல, இரண்டு பக்கங்களுக்கும் இருந்த வித்தியாசம். இடப்பக்கம் பளிச்சென்று இருந்தது. வலப்பக்கம் முழுவதும் மாவு பூசியது போல வெள்ளையாக அழுக்குப் படிந்திருந்தது. ஒரு பிள்ளை சோம்பேறியாக இருந்தால் இரண்டு பக்கமும் அழுக்காகத்தான் இருக்கும். ‘அந்தப் பக்கம் ஏனம்மா தேய்ப்பதில்லை?’ என்று கேட்டேன். பதில் இல்லை. ஈரப் பஞ்சை எடுத்து மெதுவாகத் துடைத்துக்கொண்டே போனேன். கீழ்வரிசைக் கடைசிப் பல்லை நெருங்கியதும் அவள் கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டது. காற்றுக் குழலை நான் எடுக்கவில்லை. அந்த மாதிரிப் பல்லில் காற்றை அடித்தால் பிள்ளை அன்றைக்கு எழுந்து ஓடிவிடும். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் பல் கிளினிக் பக்கம் வராது. கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தேன். புதிதாக முளைத்த கடைவாய்ப் பல். பாதி வெள்ளை, பாதி பழுப்பு கலந்த மஞ்சள். மஞ்சள் இடத்தில் ஒரு முனை ஏற்கெனவே உதிர்ந்திருந்தது.

இது சொத்தை அல்ல. அந்தப் பல் எலும்புக்குள் உருவாகும்போதே எனாமல் சரியாக இறுகாமல் போன குறை. கடைவாய்ப் பற்களில் வரும். சில பிள்ளைகளுக்கு முன்பற்களிலும் திட்டுத் திட்டாகத் தெரியும். பிறந்ததிலிருந்து ஏறக்குறைய மூன்று வயதுக்குள் அந்த எனாமல் உருவாகிறது. அந்தக் காலத்தில் வரும் கடுமையான காய்ச்சல், நோய்களோடு இதைத் தொடர்புபடுத்துகிறார்கள். ஒரே காரணம் இதுதான் என்று இன்னும் அறுதியிட்டுச் சொல்லப்படவில்லை. தாயின் கவனக்குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இப்படிப்பட்ட பல் முளைத்த நாளிலிருந்தே கூசும். மரத்துப்போகும் ஊசி கூட அதில் எளிதில் பிடிக்காது. கூசுவதால் பிள்ளை தேய்க்காது. தேய்க்காததால் மென்மையான அந்த இடத்தில் சொத்தையும் சேர்ந்துகொள்ளும்.

இதைவிடக் கொடுமை, பெற்றோருக்கு அந்தப் பல் முளைத்ததே தெரியாது. ஆறு வயதில் வரும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல், எந்தப் பால்பல்லும் விழாமல், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் எழுந்து நிற்கும். முன்பல் விழுந்தால் வீடே கொண்டாடுகிறது. பின்னால் ஆயுள் முழுதும் மெல்லப் போகிற பல் வந்திருப்பதை யாரும் பார்ப்பதில்லை. ‘பால்பல்தானே மிஸ்ஸி, பிடுங்கிவிடுங்கள், வேறு முளைக்கும்’ என்று என்னிடம் சொன்ன தாய்மார்களுக்குக் கணக்கே இல்லை. அது முளைக்காது.

அந்த மாணவிக்கு நான் செய்தது பெரிய வைத்தியம் அல்ல. வெதுவெதுப்பான நீரில் வாயை அலசச் சொன்னேன். பல்லைச் சுற்றிப் பஞ்சு வைத்து, ஈரம் லேசாக இருக்கும்போதே கிளாஸ் அயனோமர் என்ற பூச்சுப் பொருளைக் குழைத்து உதிர்ந்த இடத்தில் வைத்து, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பல்லோடு ஒட்டிக்கொள்ளும் பொருள் அது. பல்லை உறுதியாக்கும் ஃபுளோரைடையும் மெதுவாக விடும். மற்றக் கடைவாய்ப் பற்களுக்கு ஃபுளோரைடு வார்னிஷ் தடவினேன். பிறகு பல் மருத்துவருக்குச் சீட்டு எழுதினேன். அந்தப் பல்லுக்குப் பின்னாளில் உலோக உறை போட வேண்டுமா, எடுத்துவிட்டு அடுத்த பல்லை முன்னுக்கு வரவிடுவதா என்பதெல்லாம் அவர் முடிவு செய்ய வேண்டியது. எங்கள் வேலை அந்தப் பிள்ளை அவரிடம் போய்ச் சேருகிற வரை பல்லைக் காப்பாற்றி வைப்பதும், பயப்படாமல் போய்ச் சேர வைப்பதும்.

இந்த வேலைக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது தங்கள் இளைஞர்களின் பற்கள் இருந்த நிலையைப் பார்த்துத் திடுக்கிட்டவர்கள் நியூசிலாந்துக்காரர்கள். போர் முடிந்ததும் 1921-இல் வெலிங்டனில் இளம் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பல் மருத்துவர்களிடையே அன்றைக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அதே முறையில் மலாயாவில் 1949-இல் பினாங்கில் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. அங்கே மூன்று ஆண்டுகள். பல்லின் உடற்கூறு, சொத்தை அடைப்பது, பால்பல் எடுப்பது, பல்லில் படியும் கல்லைச் சுத்தம் செய்வது, மரத்துப்போகும் ஊசி போடுவது, எல்லாவற்றுக்கும் மேலாக அழுகிற பிள்ளையிடம் எப்படிப் பேசுவது. கடைசிப் பாடம்தான் கஷ்டம்.

பயிற்சி முடித்த எங்களைப் போன்றவர்கள் மடக்கு நாற்காலி, விளக்கு, கருவிப் பெட்டிகளோடு வேனில் ஏறிப் பள்ளிகளுக்குப் போவோம். தோட்டப் பள்ளிகளில் நூலகமோ உணவு மேசையோதான் எங்கள் கிளினிக். ஜொகூரில் 1966-இல் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கத் தொடங்கினார்கள். நாடு முழுவதும் சேர்க்க 1972-இல் அமைச்சரவை முடிவெடுத்தது. ஆனால் குழாய்த் தண்ணீர் வராமல் கிணற்றையும் மலை ஓடையையும் நம்பியிருந்த தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு அந்தப் பயன் எங்கே போய்ச் சேரும்? பட்டணத்துப் பிள்ளைக்குத் தண்ணீரிலேயே கிடைத்ததை எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்கு நாங்கள் பஞ்சில் தொட்டுப் பல்லில் தடவினோம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பல் குழு பள்ளிக்கு வருவதற்கு முன் ஒப்புதல் படிவம் வீட்டுக்கு வரும். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் பிள்ளைக்குச் சிகிச்சை கொடுக்க முடியாது. கட்டணம் கிடையாது. இருந்தும் எத்தனை படிவங்கள் புத்தகப் பையின் அடியில் நெல்லிக்காய் ஊறுகாய்க் கறையோடு திரும்பக் கிடைத்திருக்கின்றன! சில படிவங்களில் ‘வேண்டாம்’ என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டிருப்பார்கள். காரணம் கேட்டால் மூன்றே பதில்கள்தான் வரும்: பிள்ளை பயப்படுகிறான்; பால்பல்தானே; அவர்கள் டாக்டர் இல்லையே.

மூன்றாவது பதில் எனக்கு வேலையில் இருந்தபோதே கசந்தது. ஓய்வு பெற்ற பிறகு கூடுதலாகவே கசக்கிறது. நாங்கள் டாக்டர் இல்லை. டாக்டர் என்று சொல்லிக்கொண்டதும் இல்லை. வேர் சிகிச்சை எங்கள் வேலை அல்ல. சிக்கலான பல்லைப் பிடுங்குவதும் எங்கள் வேலை அல்ல. ஆனால் பிள்ளைகளின் வாயைப் பார்ப்பதையே தினசரித் தொழிலாகக் கொண்டவர்கள் நாங்கள். ஏழு வயதுப் பிள்ளையின் வலப்பக்க அழுக்கு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள அந்தப் பழக்கம் வேண்டும். தன் பிள்ளையைத் தனியார் கிளினிக்குக்குத்தான் கூட்டிப்போவேன் என்று கையெழுத்துப் போட மறுத்த ஒரு தகப்பனார், அடுத்த ஆண்டு நாங்கள் போனபோதும் எங்கேயும் கூட்டிப்போயிருக்கவில்லை. அந்த ஓராண்டில் பையனின் பல் பாதி கரைந்திருந்தது.

சட்டமும் எங்களை நீண்ட காலம் ஓரத்திலேயே வைத்திருந்தது. 1971-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டத்தின் கீழ் நாங்கள் அரசாங்கச் சேவையில் மட்டுமே இருக்க முடிந்தது. 2018-இல் இயற்றப்பட்டு 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்த பல் மருத்துவச் சட்டம்தான் பல் சிகிச்சையாளர்களைப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு செய்ய வைத்து, பல் மருத்துவரின் மேற்பார்வையில் தனியார் துறையிலும் வேலை செய்ய வழி திறந்தது. நல்லதுதான். ஆனாலும் அவர்கள் சிகிச்சை தருவது 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டுமே. பிரிட்டனில் 2013 முதல் பெரியவர்களும் பல் மருத்துவரின் சீட்டு இல்லாமல் நேராகப் பல் சிகிச்சையாளரிடம் போகலாம்.

பெரியவர்களின் கூச்சத்தைப் பார்க்கவும் எங்களுக்கு இடம் வேண்டும் என்பது என் சொந்தக் கருத்து. பல் மருத்துவர்களில் சிலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். விரிசலையும் நரம்பு வீக்கத்தையும் அவர்களே பார்க்கட்டும். ஆனால் கூச்சம் என்று வருகிற பெரியவர்களில் பலருக்குத் தேவைப்படுவது கல் சுத்தம், வார்னிஷ், தேய்க்கும் முறையைத் திருத்துவது, பிறகு மறுபடி வரச்சொல்லிப் பார்ப்பது. இவற்றுக்கு ஒரு பல் மருத்துவரின் நேரம் எதற்கு?

பேரனை அழைத்துப்போக வந்த ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். பையன் இறங்கியதும் அவரே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து ‘எனக்கும் பாருங்கள் மிஸ்ஸி, தேத்தண்ணீர் குடித்தால் உச்சந்தலை வரை ஏறுகிறது’ என்றார். பார்க்கத்தான் முடியும், சிகிச்சை செய்ய முடியாது என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை எடுத்தேன். சிறு வயதில் உமிக்கரி; பிறகு உப்பு; பிறகு கடையில் கிடைத்ததிலேயே கடினமான பிரஷ். ‘அழுத்தித் தேய்த்தால்தானே சுத்தம்’ என்றார். ஈறு ஓரத்தில் ஒவ்வொரு பல்லிலும் கோடாலி வெட்டியது போல ஆப்பு வடிவப் பள்ளம். நல்ல பற்கள், ஒன்றில் கூடச் சொத்தை இல்லை. தேய்த்தே தேய்த்துவிட்டார். அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். பதிவுக் கட்டணம் அன்றைக்கு ஒரு வெள்ளிதான், அதாவது ஒரு ரிங்கிட். ‘வெள்ளி ஒன்றுதான் மிஸ்ஸி, போக வர பஸ்ஸும் ஒரு நாள் பொழுதும் யார் தருவது?’ என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். என் பெட்டியில் அந்த வார்னிஷ் இருந்தது.

கட்டுரையில் விடுபட்ட சில நடைமுறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். கூச்சத்துக்கான பற்பசைகள் பலவற்றில் இருக்கும் பொட்டாசியம் நைட்ரேட் நரம்பை அமைதிப்படுத்தவே இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். நான்கு நாள் தேய்த்துவிட்டு ‘ஒன்றுக்கும் உதவாது’ என்று தூக்கிப் போடாதீர்கள். ஆனால் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்தக் குழலின் உறையிலேயே பொதுவாக அப்படி அச்சிட்டிருக்கும். பிள்ளைக்கு வேண்டியது ஃபுளோரைடு உள்ள சாதாரணப் பற்பசை. மூன்று வயது வரை அரிசி அளவு, அதற்குப் பிறகு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் நீளத்துக்குப் பாம்பு மாதிரி வைக்க வேண்டியதில்லை. தேய்த்த பிறகு துப்பினால் போதும். குவளை குவளையாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும்.

பிரஷைப் பேனா பிடிப்பது போல விரல்களால் பிடியுங்கள். முஷ்டியில் பிடித்தால் கை தானாகவே அழுத்தும். புளிப்பு சாப்பிட்ட உடனே தேய்க்கக் கூடாது. அமிலம் பட்ட எனாமல் சற்று இளகியிருக்கும், அரை மணி நேரம் போகட்டும். பள்ளி வாசலில் விற்கும் அசாம் போய் என்ற புளிப்பான உலர்பழத்தைப் பிள்ளைகள் கன்னத்தில் ஒதுக்கி வைத்து ஒரு பாட நேரம் முழுவதும் உறிஞ்சுகிறார்கள். அது படுகிற இடத்தில் பல் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். குளிர்ந்த எலுமிச்சைச் சாற்றை மணிக்கணக்கில் உறிஞ்சுவதும் அப்படியே. சாப்பிடவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நானே சாப்பிடுவேன். ஒரே மூச்சில் சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் குடித்துவிடுங்கள். வெற்றிலை போடும் பாட்டிமார்களிடம் இதையெல்லாம் சொல்லி ஜெயித்ததே இல்லை; அதனால் அந்தப் பேச்சை இங்கே எடுக்கவில்லை.

ஆசிரியர் அவர்களே, தங்கள் மருத்துவப் பக்கத்தில் அடுத்த முறை இடம் கிடைத்தால், பணியில் இருக்கும் ஒரு பல் சிகிச்சையாளரைப் பேட்டி காணுங்கள். பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக் கூட்டத்தில் மண்டபத்துக்கு நாற்காலி வாங்குவது பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறீர்கள். அதில் பத்து நிமிடத்தை ஒதுக்கி, பல் குழு வருகிறது, படிவம் இப்படி இருக்கும், கையெழுத்துப் போடுங்கள் என்று மேடையில் ஒருவர் படிவத்தைத் தூக்கிக் காட்டட்டும்.

பெற்றோர்கள் படிவத்தை நிரப்பும்போது பிள்ளைக்கு மூச்சிழுப்பு, இருதயக் கோளாறு, மருந்து ஒவ்வாமை இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் ஒரு குவளை குளிர்ந்த தண்ணீரைக் கொடுத்து, பிள்ளை எந்தப் பக்கமாகக் குடிக்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்தால், எந்தப் பக்கம் என்பதையும் படிவத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். மலாயில் எழுத வராவிட்டால் வகுப்பாசிரியர் எழுதித் தருவார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளிப் பல் தாதி,
சுங்கை சிப்புட், பேராக்.